சனிக்கிழமைக் கோயில்

என்ன பெயர் எழுதுவதென்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியவில்லை.
பிள்ளையார் சுழிக்குக் கீழே
"சனிக்கிழமைக் கோயில், வாடகை, பன்னிரண்டு ரூபாய்"
என்று எழுதி வைத்திருக்கிறார்.
1941, ஆவணி.

பண்டாரவளைக்கு வெளியே
ரயில் பாதை வளைகிற இடத்தில்
தகரக் கூரை போட்ட பழைய பெட்டி ஸ்டோர்.
இப்போது அதில் நான் கணக்கு டியூசன் நடத்துகிறேன்.
வரி விசயமாக வீட்டுக்காரர் கொண்டுவந்து கொட்டிய
பேரேடுகளில் இது ஒன்று,
முனையைக் கரையான் தின்றது போக.

பல்வைத்தியர் ஃபைபுஷ், மனைவி ஹெட்விக்:
ஜெர்மானியர் என்று தியத்தலாவை முகாமில் அடைத்தார்கள்,
ஜெர்மானியர் அல்ல என்று திறந்துவிட்டார்கள்.
பக்தாத்து எஸ்கேல், புடவை வியாபாரி.
கொச்சிக்கார எலியாவு, அவருடைய மலையாளம்
கடைத்தெருவுக்குப் பாதி விளங்கியது,
கடன் கேட்கும்போது முழுதும்.
மிச்சம் பட்டாளத்துப் பையன்கள்,
மாதத்துக்கொரு முகம்.

கூடிப் பிரார்த்திக்கப் பத்து ஆண்கள் வேண்டுமாம்.
பத்தாவது ஆள் நானுஓயாவில்.
வெள்ளிப் பகல் கோச்சியை
ஒஹியாவில் மண்சரிவு மறித்தால்
ஒன்பது பேரும் அவரவர் பாட்டுக்கு முணுமுணுத்துவிட்டுக்
கலைந்து போவார்கள்.
அந்த ஒன்பதையும் விரல் நீட்டி எண்ணக் கூடாது.
ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்றல்ல
என்றுதான் எண்ணுவார்களாம்.
முதல் மரக்காலுக்கு ஒன்று என்னாமல்
லாபம் என்று சொல்லி நெல் அளந்த நமக்கு
இதில் வியக்க ஒன்றுமில்லை.

வீரமலை வியந்திருக்கலாம்.
விடியாத பிரட்டுக்களத்தில் அவனை
ஒன்று என்றே எண்ணினார்கள்,
கொழுந்து நிறை குறைந்தால் அரை என்றும்.
பத்துச்சீட்டு கொடுத்துத் தோட்டம் துரத்திய பிறகு
அவனுக்கு இங்கே சனிக்கிழமை அடுப்பு மூட்டுகிற வேலை.
நெருப்பை அன்று அவர்கள் தொடமாட்டார்கள்,
காசையும்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு:
"அடுப்புக்காரன் கூலி கேட்டு வாசலில் சத்தம்.
ஞாயிறு தீர்ந்தது."

வேதச்சுருள் கொழும்பிலிருந்து
ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியில் வந்தது.
அந்தப் பெட்டியே கருவறை ஆயிற்று.
வெளிப்புறம் பி.ஓ.பி., நூறு இறாத்தல்.

இனி இந்தப் பக்கம். இதை நான் பலமுறை படித்தேன்.
"ஜேமிஸ் பாஸ், வாசல் நிலையில் சிறு குழல் அடிக்க, 25 சதம்.
அதையே சரித்து அடிக்க, 25 சதம்.
மறுபடி நிமிர்த்த, 25 சதம்.
மறுபடி சரிக்க, இனாம்."
எஸ்கேலுக்கு நேராக, ஃபைபுஷுக்குச் சாய்வாக.
பத்தே பேர், இரண்டு கட்சி.
இரண்டு மாதம்
ஆளுக்கொரு மூலையில் நின்று
ஒரே கடவுளைக் கும்பிட்டிருக்கிறார்கள்.

1947, புரட்டாசி. வாடகை தீர்வு.
பட்டாளம் முன்னமே போயிற்று. எஸ்கேல் பம்பாய்க்கு.
ஃபைபுஷ் தம்பதி ஆஸ்திரேலியக் கப்பலுக்கு,
நாடு என்ற இடத்தில் கோடு போட்ட
காகிதத்துடன்.
பெட்டி திரும்பவும் ரயில் பார்சலில் கோட்டைக்கு.
தேயிலை என்றே ஏற்றியிருப்பார்கள்.
பிந்திப்போன எலியாவு ஒரு வருசம்
தனியாகத் திறந்து, தனியாகப் பூட்டினார்.
அதற்கு வாடகை எழுதவில்லை.

இரண்டு பக்கம் வெறுமை. பிறகு ஒரு வரி,
1949:
"வீரமலை பேரில், பிரஜாவுரிமை மனு எழுத,
முன்பணம், மூன்று ரூபாய்."
தீர்ந்ததா என்று
எழுதவில்லை.

நிலையில் எனாமல் ஐந்தாறு பூச்சு.
விரலால் தடவினால்
நேராக இரண்டு துளை, சரிவாக இரண்டு.
சரிந்ததில் ஆணி அடித்து
என் மர அடிக்கோலைப் பொருத்தினேன்.
கோணலாய் இருக்கு டீச்சர், நிமிர்த்தவா
என்று கேட்டான் ஒரு பையன்.

ஜேமிஸ் பாஸைக் கேட்டு வா என்றேன்.